துணைக்கு நிற்பவர்

சென்ற இதழில் குடும்பச் செபமாலையைக் குறித்து எழுதியிருந்தோம். அந்தி விளக்கு ஏற்றியதும் வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒன்றுகூடி முழந்தாளிட்டு, பராக்குக்கு இடங்கொடாமல் ஐம்பத்து மூன்று மணிகளையும் செபிக்க வேண்டும் என்று சற்று அழுத்தமாகவே சொல்லியிருந்தோம். அதைப் படித்த சிலர் பாராட்டி எழுதினர். ஒரு தாய் மட்டும் பாராட்டவில்லை, கேள்வி கேட்டிருந்தார். இம்மாதப் பக்கத்தை அந்தக் கடிதத்துக்கே ஒதுக்குகிறோம்.

ஊரும் பெயரும் இங்கு வேண்டாம். பள்ளிச் சத்துணவுக் கூடமொன்றில் அவர் சமையல் வேலை செய்கிறார். நாள்தோறும் 90 பிள்ளைகளுக்குச் சோறாக்கிக் குழம்பு வைத்துப் பரிமாறி, அண்டா குண்டாக்களைத் துலக்கி வைத்துவிட்டு வீடு திரும்பினால் அங்கே இன்னொரு வேலை காத்திருக்கிறது. கணவர் பக்கவாதத்தால் விழுந்து 2 ஆண்டுகள் ஆகின்றன. வலக்கையும் வலக்காலும் செயலற்றுப் போனதோடு பேச்சும் குழறிவிட்டது. புரட்டிப் படுக்கவைத்தல், துடைத்துவிடுதல், கஞ்சி புகட்டுதல், துணி அலசுதல் எல்லாம் இவர் ஒருவர் கையால் நடக்க வேண்டும். மகளைத் தொலைவில் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறான்.

அவர் எழுதியதில் ஒரு பகுதியை அப்படியே தருகிறோம். "சாமி, முன்பெல்லாம் அடுப்படியில் நின்றுகொண்டு மாதாவிடம் பேசினால் யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போல் இருக்கும். இப்போது பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டுவது போல் இருக்கிறது. நீங்கள் எழுதியபடி என்னால் செபமாலை சொல்ல முடியவில்லை. இரண்டாம் தேவ இரகசியம் முடிவதற்குள் தூங்கிவிடுகிறேன். இவரைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாததால் ஞாயிறு பூசை கண்டு நாலு மாதமாயிற்று. இதெல்லாம் பாவமா? அதனால்தான் கடவுள் என்னை விட்டுப் போய்விட்டாரா?"

இக்கடிதம் வந்த அன்றிரவே நாம் ஒரு பதில் எழுதினோம். அதிகாலையில் அரைமணி நேரம் முன்னதாக எழுந்தால் தெளிந்த மனத்தோடு செபிக்கலாம், துன்பங்களைப் பாவப் பரிகாரமாக ஒப்புக்கொடுக்கலாம், சோர்வுக்கு இடங்கொடுத்தலாகாது என்றெல்லாம் முறையாகவே எழுதியிருந்தோம். காலையில் எடுத்துப் படித்தபோது வெட்கமாக இருந்தது. ஏற்கெனவே நாலரை மணிக்கு எழுபவரை நான்கு மணிக்கு எழச் சொல்கிறோமே! கிழித்துப் போட்டோம்.

முதலில், பாவமா என்ற கேள்விக்கு மறுமொழி: பாவமன்று. நோயாளியைத் தனியே விட முடியாமல் வீட்டிலிருப்பவர் ஞாயிறு கடமையை மீறியவர் ஆகார். நோய், கைக்குழந்தைப் பராமரிப்பு போன்ற தக்க காரணங்கள் அக்கடமையினின்று விலக்கு அளிக்கின்றன என்று 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலே தெளிவாகக் கூறுகிறது. செபத்தில் உறங்கிப்போவதைப் பொறுத்தமட்டில், லிசியே நகரத்துக் குழந்தை தெரேசம்மாளே தியான நேரத்தில் பல ஆண்டுகள் தூங்கி வழிந்தவர் என்பதைச் சொன்னால் போதும். பிள்ளைகள் விழித்திருந்தாலும் உறங்கினாலும் பெற்றோருக்கு அவர்மேல் உள்ள அன்பு ஒன்றுதானே என்று எண்ணி அவர் மனந்தேறினார். ஆகவே, சென்ற மாதம் எழுதியதில் முழந்தாளைப் பற்றிய வரியை அந்தத் தாய்க்கு மட்டும் இதன்மூலம் நீக்கிக்கொள்கிறோம்.

ஆனால் கடவுள் என்னை விட்டுப் போய்விட்டாரா என்ற கேள்வி இருக்கிறதே, அதை இவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. நம்முடைய பழைய பிழையொன்றையும் அது கிளறிவிட்டது.

குருப்பட்டம் பெற்று, முதன்முறையாகத் தனிப் பங்கொன்றின் பொறுப்பை ஏற்றிருந்த காலம். அவ்வூரில் ஒரு கைம்பெண் தம் ஒரே மகனைச் சாலை விபத்தில் பறிகொடுத்தார். ஏழாம் நாள் செபத்துக்குப் போயிருந்தோம். செபம் முடிந்து, உயிர்ப்பைப் பற்றியும் நித்திய வாழ்வைப் பற்றியும் குருமடத்தில் கற்றவற்றிலிருந்து நல்ல வார்த்தைகளாகத் தேர்ந்தெடுத்துப் பேசினோம். இறைவன் உங்களோடு இருக்கிறார் என்றும் சொன்னோம். எழுந்தபோது அவர், "கொஞ்ச நேரம் உட்காருங்க சாமி" என்றார். ஆறு மணிக்குப் பங்குப் பேரவைக் கூட்டம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னொரு நாள் வர்றோம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினோம். சில வாரம் கழித்துப் போகத்தான் செய்தோம். காப்பி கொடுத்தார், வீட்டு வரி, மழை என்று ஏதேதோ பேசினார். உட்காரச் சொல்லி அவர் பிறகு கேட்கவேயில்லை.

அன்று அவர் நம்மிடம் விளக்கம் கேட்கவில்லை என்பது நமக்குப் புரிவதற்கு வெகு காலம் ஆயிற்று. அவர் கேட்டது துணை.

துணை என்ற சொல்லை நாம் பெரிய பெரிய இடங்களில் பயன்படுத்துகிறோம். வாழ்க்கைத் துணை என்கிறோம், இறைத்துணை என்கிறோம். ஆனால் இச்சொல்லை நாம் முதன்முதலாகக் கற்றுக்கொண்டது கொல்லைப்புறத்தில் அன்றோ? நம் சிறு வயதில் கிராமத்து வீட்டில் மின்விளக்கு முன்கட்டோடு சரி. இரவில் கொல்லைப்பக்கம் போக வேண்டுமானால் கிணற்றடியையும் புளியமரத்தையும் தாண்ட வேண்டும். அப்பாயியை எழுப்பி, "துணைக்கு வா அப்பாயி" என்போம். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வந்து அரிக்கேன் விளக்கோடு கொல்லை வாசற்படியில் நிற்பார்கள். அதற்கு அப்பால் ஓரடி வரமாட்டார்கள்; முழங்கால் வலி. இருட்டுக்குள் போனபின் விளக்கும் தெரியாது, ஆளும் தெரியாது. பயம் பிடித்ததும், "அப்பாயி, நிக்கிறியா?" என்று கத்துவோம். "நிக்கிறேன்டா" என்று குரல் வரும். சில வேளை அதுவும் வராது. ஒரு கனைப்பு மட்டும் கேட்கும். சில நாள் தூக்கக் கலக்கத்தில் கனைப்பும் இல்லை. ஆயினும் திரும்பி வரும்போது அவர்கள் அங்கேதான் நின்றுகொண்டிருப்பார்கள். ஒருமுறையேனும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டதில்லை.

அப்பாயி நமக்காக இருட்டை அகற்றவில்லை, புளியமரத்தை வெட்டவுமில்லை. நின்றார்கள், அவ்வளவே. அந்த நிற்றலை நம்பித்தான் நாம் இருட்டுக்குள் போய்வந்தோம்.

இறைவனின் துணையைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஏனோ நாம் வேறுவிதமாக எதிர்பார்க்கிறோம். அவர் அருகிலிருந்தால் உள்ளம் இனிக்க வேண்டும், கண்ணீர் பெருக வேண்டும், ஓர் அமைதி வந்து சூழ வேண்டும் என்று நினைக்கிறோம். அவ்வாறு நேர்வதும் உண்டு. அது அவர் தரும் கொடை, மறுப்பதற்கில்லை. ஆனால் இனிமை நின்றவுடன் அவரும் போய்விட்டார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கனைப்புக் கேட்கவில்லை என்பதற்காக அப்பாயி போய்விட்டதாகச் சொல்வது போன்றது இது.

சமையற்கட்டிலிருந்து வந்த கடிதமாதலால், சமையற்கட்டிலேயே இறைவனோடு வாழ்ந்த ஒருவரின் நினைவு நமக்கு வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில், காலணி அணியாக் கார்மேல் சபையின் மடத்தில் இருந்தவர், உயிர்ப்பின் லாரன்ஸ் என்ற சகோதரர். குருமடத்தில் ஆன்ம வாசிப்பு நேரத்தில் அவரைப் பற்றிய சிறு நூலொன்றை நமக்குக் கொடுத்தார்கள். இறையியலின் உயரங்களை எட்டிப்பிடிக்கத் துடித்துக்கொண்டிருந்த வயது. பானை சட்டிகளுக்கு நடுவே நின்ற ஒரு சகோதரர் நமக்கு என்ன கற்பிக்கப்போகிறார் என்று அசட்டையாகப் புரட்டிவிட்டு வைத்துவிட்டோம். நாற்பது வயதுக்குப் பிறகுதான் அதை மறுபடி எடுத்தோம்.

அவருடைய இயற்பெயர் நிக்கோலாஸ் ஹெர்மான். இன்றைய பிரான்சின் கிழக்கே, லொரேன் பகுதியைச் சேர்ந்த எளிய குடும்பத்தில் பிறந்தவர். பதினெட்டாவது வயதில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற மரமொன்றைக் கண்டார். இன்னும் சிறிது காலத்தில் இது தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் வந்தபோது இறைவனின் பராமரிப்பு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஆனால் உடனே துறவியாகிவிடவில்லை. முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்தார். காலில் காயப்பட்டு ஆயுள் முழுதும் நொண்டியானார். பிறகு ஒரு கனவானிடம் ஏவலாளாக இருந்தபோது, கைபட்டதையெல்லாம் போட்டு உடைக்கும் பேர்வழி என்று தம்மைத் தாமே சொல்லிக்கொள்ளும் அளவுக்குக் கைத்தவறுகள். 1640-இல் மடத்தில் சேர்ந்தார். குருவாகும் கல்வி இல்லாததால் பணிவிடைச் சகோதரர். கொடுத்த வேலை சமையல்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாரன்ஸ் சகோதரருக்குச் சமையல் வேலை பிடிக்காது. இயல்பாகவே அதன்மேல் வெறுப்பு. பிடிக்காத அந்த வேலையைத்தான் பதினைந்து ஆண்டுகள் செய்தார். அதுவன்றி, மடத்துக்குத் திராட்சை இரசம் வாங்கிவர பர்கண்டிப் பகுதிக்கும் அனுப்பினார்கள். வணிகம் தெரியாத ஆள். நடக்க முடியாத கால். படகில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போக வேண்டுமானால் பீப்பாய்களின்மேல் உருண்டு உருண்டுதான் போக வேண்டியிருந்ததாம். இது உம்முடைய வேலை என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டுப் போவார். வேலையும் எப்படியோ முடிந்துவிடும். பிற்காலத்தில் காலில் புண் முற்றியபோது உட்கார்ந்து செய்யும் செருப்புத் தைக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

அவருடைய வழி மிக எளியது. வேலையினூடே அவ்வப்போது உள்ளத்தை இறைவன்பால் திருப்புவார்; ஒரு சொல் சொல்வார், அல்லது சொல்லாமலே இருப்பார். சட்டியில் முட்டையடையைத் திருப்பிப் போடுவதையும் அவர்மேலுள்ள அன்புக்காகவே செய்வார். செப நேரத்துக்கும் வேலை நேரத்துக்கும் தமக்கு வேற்றுமை இல்லை என்றும், நாலு பேர் நாலு பக்கமிருந்து வெவ்வேறு பொருளைக் கேட்டுக் கூச்சலிடும் சமையற்கட்டிலும், நற்கருணை முன் முழந்தாளிட்டிருக்கும்போது உள்ள அதே அமைதியோடு இறைவனைக் கொண்டிருப்பதாகவும் அவர் சொன்னதுண்டு. இந்தப் பகுதியைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். நாமும் மறையுரையில் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறோம்.

ஆனால் நம் கடிதத் தாய்க்கு வேண்டியது இப்பகுதியன்று. இவ்வமைதி அவருக்கு எப்போது வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். மடத்தில் சேர்ந்தபின் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அவர் மிகுந்த மன வேதனையில் கழித்தார். தம் பழைய பாவங்கள் கண்முன் நின்றன. தாம் நரகத்துக்கே உரியவர் என்ற நினைப்பு நீங்கவில்லை. யார் தேற்றியும் தேறவில்லை. ஒருநாள் ஒரு தீர்மானத்துக்கு வந்தார்: மீட்படைவேனோ மாட்டேனோ, உயிருள்ளமட்டும் அவர்மீதுள்ள அன்புக்காக என் வேலையைச் செய்துகொண்டிருப்பேன். இத்துயரம் சாகும்வரை நீடித்தாலும் நீடிக்கட்டும் என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான், எதிர்பாராத வேளையில், அந்த அமைதி வந்தது. பூட்டிய கதவின்முன் பத்தாண்டுகள் அடுப்பெரித்தவர் அவர்! அந்தப் பத்து ஆண்டும் இறைவன் அங்கே இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

1691-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் அவர் இறந்தார். அவரோடு உரையாடியவற்றைக் குறித்து வைத்திருந்த போபோர் என்ற குருவானவர், சில கடிதங்களையும் சேர்த்துப் பின்னர் நூலாக வெளியிட்டார். அக்கடிதங்களில் ஓர் அறிவுரை இருக்கிறது. நீண்ட செபம் சொல்ல வேண்டாம், மனம் அலைந்துவிடும்; செல்வர் வீட்டு வாசலில் கிடக்கும் ஊமையும் முடவனுமான பிச்சைக்காரன் போல இறைவன்முன் இருந்துவிடு என்கிறார். மனம் அலைந்தால் அதற்காக வருந்திக் கலங்காமல் மெல்ல அழைத்துவந்தால் போதும் என்கிறார். அம்மா, இதை வாசித்தபோது உங்கள் வீட்டுக் கட்டில்தான் எம் கண்முன் வந்தது. உங்கள் கணவர் பேசுவதில்லை, கையை நீட்டுவதில்லை. அவர் கிடக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள். அவருக்குக் கஞ்சி வேண்டுமா, புரட்ட வேண்டுமா என்பது அவர் கேளாமலே உங்களுக்குத் தெரிகிறது. நீங்கள் கூடத்தில் சமைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் உங்களைக் காண முடிவதில்லை. அதற்காக நீங்கள் அவரை விட்டுப் போய்விட்டீர்கள் என்று ஆகிவிடுமா?

லாரன்ஸ் சகோதரருக்காவது இறுதியில் இருள் விலகிற்று. விலகாமலே வாழ்ந்தவர்களும் உண்டு. கல்கத்தா அன்னை தெரேசாவை அறியாதவர் நம் குடும்பங்களில் இல்லை. 1997-இல் அன்னை இறந்தார். 2007-இல் அவருடைய கடிதங்கள் நூலாக வந்தபோதுதான் உலகம் ஒன்றை அறிந்தது. ஏழைகளிடையே பணியைத் தொடங்கிய காலத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், இடையில் ஒரு சில வாரங்கள் நீங்கலாக, அன்னைக்கு இறைவனின் அருகாமை உணர்வே இல்லை. செபித்தால் வெறுமை. இவையெல்லாம் அவருடைய ஆன்ம குருக்களுக்கு மட்டும் தெரிந்திருந்தன. அதிகாலையில் எழுந்து நற்கருணைமுன் அமர்வதும், பிறகு தெருவில் இறங்கி நோயாளிகளைத் தூக்குவதும் ஒருநாளும் நிற்கவில்லை. அக்கடிதங்களைக் கண்டு, அன்னைக்கே விசுவாசம் இல்லையோ என்று சில பத்திரிகைகள் எழுதின. திருச்சபையோ எல்லாவற்றையும் அறிந்தே 2016-இல் அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தது.

ஆகையால் அம்மா, நீங்கள் உங்கள் அடுப்படியில் தனித்து நிற்கவில்லை. நல்லவர்கள் வரிசையில்தான் நிற்கிறீர்கள்.

இனி, ஆண்டவர் இயேசுவையே பார்ப்போம். இவ்வுலகில் மனிதனாக வாழ்ந்த அவருக்கும் துணை வேண்டியிருந்தது. பாடுபடுவதற்கு முந்திய இரவில் கெத்சமனித் தோட்டத்துக்கு இராயப்பரையும் யாகப்பரையும் அருளப்பரையும் அழைத்துப்போனார். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தம்மோடு இருந்து சற்று விழித்திருக்கச் சொன்னார். அந்தக் கைம்பெண் நம்மிடம் கேட்டதும் அதுவே. சீடர்கள் தூங்கிவிட்டார்கள். மூன்றுமுறை வந்து பார்த்தார், மூன்றுமுறையும் தூக்கம். துயரத்தினால் தூங்கினார்கள் என்று லூக்காஸ் அவர்களுக்காகப் பரிந்து எழுதுகிறார். அம்மூவரையும் ஆண்டவர் தள்ளிவிட்டாரா? உயிர்த்தபின் அவர்களைத் தேடிப்போய்க் கடற்கரையில் தாமே நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் கொடுத்துப் பசியாற்றினார். துயரத்தினால் தூங்குவதென்றால் என்னவென்று அவர் அறிவார். இரண்டாம் தேவ இரகசியத்தில் உங்கள் கையிலிருந்து நழுவும் செபமாலையையும் அவர் அறிவார்.

கிறிஸ்தவ வாழ்வின் வழக்கங்களில் இன்று வழக்கொழிந்துவரும் ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறோம். நம் பாட்டன்மார் காலத்தில் மனவல்லய செபங்கள் என்று சொல்வார்கள். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் சிறுசிறு செபங்கள். ஏற்றம் இறைக்கும்போதும் நாற்று நடும்போதும் வாய் அதை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். நூல்களைத் தேட வேண்டாம். நம் சொந்தச் சொற்களே போதும். அடுப்பைப் பற்றவைக்கும்போது ஒருமுறை, உலை கொதிக்கும்போது ஒருமுறை, பேருந்துக்குக் காத்து நிற்கும்போது ஒருமுறை. "நிற்கிறீரா, ஆண்டவரே?" என்று கேட்டாலும் அது செபந்தான். மறுமொழி கேட்காவிட்டால் வேலையைத் தொடருங்கள். கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளை, துணைக்கு ஆள் இருக்கிறது என்று நம்புவதால்தானே கேட்கிறது?

ஆனால் இத்தோடு முடித்துக்கொண்டால் நாம் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வண்டியைக் கிளப்பியவர்களாவோம். இறைவன் துணை இருக்கிறார் என்று எழுதிவிட்டு மனிதத் துணை வேண்டாம் என்று இருந்துவிடுவது எளிது. புனிதர்கள் அப்படி இருக்கவில்லை. நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 1542-இல் வந்திறங்கிய புனித சவேரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். இறைவனை அவரைப் போல் அண்டி வாழ்ந்தவர் எத்தனை பேர்? இருந்தும் உரோமையிலிருந்த உடன் துறவியர் எழுதிய கடிதங்களிலிருந்து அவரவர் கையெழுத்தை மட்டும் கத்தரித்தெடுத்து, தம் வார்த்தைப்பாட்டுச் சீட்டோடு சேர்த்து எப்போதும் உடலோடு அணிந்திருந்தார். 1546-இல் மொலுக்கஸ் தீவுகளில் இருந்தபோது இதை அவரே எழுதியிருக்கிறார். கடல் கடந்த தனிமையில் அந்தத் துண்டுக் காகிதங்கள் அவருக்குத் துணை.

ஆகவே அன்பார்ந்த குடும்பத்தினரே, நம் மறைமாவட்டத்தில் இந்தத் தாயைப் போன்றோர் ஒருவர்தாம் இருப்பார் என்று எண்ணிவிட வேண்டாம். உங்கள் தெருவிலேயே, உங்கள் அன்பியத்திலேயே இருக்கக்கூடும். படுக்கையிலிருப்பவரின் பெயரை மன்றாட்டில் வாசித்துவிட்டுக் கலைந்துபோகிறோம். யாருடைய மனைவி நாலு மாதமாகப் பூசைக்கு வரவில்லை என்று எண்ணிப் பார்க்கிறோமா? வரவில்லை என்பதைக் கவனித்தவர்கள்கூட, பக்தி குறைந்துவிட்டது என்று பேசியிருப்பார்கள். இரண்டு குடும்பத்தார் முறை வைத்துக்கொண்டு, ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்தால் அவர் கோயிலுக்குப் போய்வருவார். ஆண்பிள்ளைகள் உட்காரலாம், நோயாளி ஆணாயிருந்தால் அதுவே வசதி. என்ன பேசுவதென்று தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். பேசவே வேண்டியதில்லை. செய்தித்தாளை எடுத்துப் போய்ப் படித்துக்கொண்டிருங்கள்.

இன்னொன்றையும் நம் உடன் குருக்களின் கவனத்துக்கு வைக்கிறோம். முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறோம். நோயாளிக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு விரைகிறோம். பக்கத்தில் குவளையோடு நிற்கும் மனைவியும், தக்க நிலையில் இருந்தால், அப்போதே நற்கருணை வாங்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நாமாகக் கேட்க வேண்டும். அந்தத் தாயின் பங்குத்தந்தைக்கு இதுபற்றி அவருடைய இசைவோடு எழுதியிருக்கிறோம்.

அந்தத் தாய்க்கும் பதில் போயிற்று. கிழித்துப்போட்ட பதிலைவிடச் சிறியது. ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிட்டது. நீங்கள் கேட்டது பாவமன்று, தூக்கம் வந்தால் செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்குங்கள், மீதியை நாங்கள் சொல்கிறோம் என்று எழுதினோம். வெறும் வார்த்தையாகிவிடக் கூடாதென்று, அன்றிலிருந்து இரவு செபமாலையில் மூன்றாம் தேவ இரகசியம் முதல் அவருக்காக என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். விரும்புவோர் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.

சென்ற முதல் வெள்ளி, நம் பங்கிலுள்ள ஒரு பெரியவர் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோயிருந்தோம். எண்பதைத் தாண்டியவர், கண் தெரியாது. பட்டியலில் அன்று அவர் வீடு கடைசி. நற்கருணை வாங்கிச் சற்று நேரம் மௌனமாக இருந்தபின் பேச்சு ஒன்றும் இல்லை. எழ மனம் வந்தும் எழவில்லை. முற்றத்தில் கட்டியிருந்த ஆட்டைப் பற்றி அவராகத் தொடங்கினார். குட்டி போட்டது, இரண்டும் கிடாய் என்றார். பிறகு மறுபடி மௌனம். மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். கால்மணி நேரம் போயிருக்கும். "சாமி, இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கிறோம், ஐயா" என்றோம்.

தலையை ஆட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். காப்பி ஆறிவிட்டிருந்தது.